பங்குனியில் உங்கள் வீட்டைச் சுற்றி என்ன காய்கிறது? அடிவார வீடுகளுக்கு மரம், செடி தேர்வும் பிழை நீக்கமும்

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். தை கழிந்தால் போதும், சில ராத்திரிகளில் மலை முகட்டில் சிவப்பாக ஒரு கோடு நெளிவது வாசலில் இருந்தே தெரியும். 2023 ஏப்ரலில் ஆலாந்துறைக்கு மேலே நாதேகவுண்டன்புதூர் பக்கம் காடு பற்றியபோது, சூலூர் விமானப்படைத் தளத்தில் இருந்து ஹெலிகாப்டர் வந்து, மலம்புழா அணையில் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டியதாயிற்று. மறு வருடம் மார்ச்சில் குன்னூரிலும் அதே கதை. அதற்குப் பிறகு பண்ணைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்வி: "தீப்பிடிக்காத மரம் எது இருக்குதுங்க?"

அப்படி ஒரு மரம் கிடையாது. சீக்கிரம் பற்றாத மரம் உண்டு. பற்றினாலும் மெதுவாக எரிந்து, பக்கத்துக்குத் தாவவிடாத செடி உண்டு. ஆனால் அந்த மரத்தையே தப்பான இடத்தில் வைத்து, அடியில் ஒரு முழம் சருகு சேரவிட்டால் அதுவும் விறகுதான். அதனால் நான் பெயர்ப் பட்டியல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். முதலில் வீட்டைச் சுற்றி நடந்து பார்க்கச் சொல்கிறேன். மாசி கடைசியிலோ பங்குனியிலோ மத்தியான வெயிலில், வீட்டுச் சுவரில் ஆரம்பித்து வேலி வரைக்கும் நடங்கள். கீழே சொல்லியிருக்கும் அறிகுறிகளில் எது உங்கள் வீட்டில் இருக்கிறதோ, அங்கே இருந்து தொடங்கலாம்.

நடப்பதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காட்டுத் தீயில் வீடு பற்றுவது பெரும்பாலும் தீ நாக்கு வந்து சுவரை நக்குவதால் இல்லை. காற்றில் பறந்து வரும் தீப்பொறிதான் காரணம். தீ அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே பொறி வந்து கூரையோரச் சருகில் விழும், மிதியடியில் விழும், ஜன்னலுக்குக் கீழே இருக்கும் காய்ந்த செடியில் விழும். ஜாக் கோஹன் என்ற அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் பல வருடம் இதையே ஆராய்ந்து சொன்னார்: ஒரு வீடு எரியுமா, நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது அந்த வீடும் அதைச் சுற்றியுள்ள நூறு, இருநூறு அடியும்தான். கலிஃபோர்னியாவில் ஆபத்தான பகுதி வீடுகளுக்கு நூறு அடி சுத்தம் சட்டமாகவே இருக்கிறது. சுவரை ஒட்டிய முதல் 5 அடியில் பற்றக்கூடிய பொருளே இருக்கக் கூடாது என்று 2020இல் தனியாக ஒரு சட்டமும் கொண்டுவந்தார்கள். நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் பொறிக்கு ஊர் வித்தியாசம் தெரியாது. 5 அடி, 30 அடி, 100 அடி என்ற மூன்று வட்டத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். இனிவரும் எல்லாமே அதை வைத்துத்தான்.

அறிகுறி: வேலி வெளியே பச்சைப் பசேல், உள்ளே கையை விட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது

சைப்ரஸ், தூஜா, சவுக்கு வேலி வைத்தவர்கள் எல்லாரும் செய்ய வேண்டிய சோதனை இது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, இலைப்பரப்பைத் தாண்டி முழங்கை வரை உள்ளே விடுங்கள். பழுப்பு நிறச் சருகு கை நிறைய வரும். கூடவே தூசி, பழைய குருவிக்கூடு, எப்போதோ பறந்து வந்து சிக்கிய பாலித்தீன் பை. போன மாசியில் ஒரு பண்ணை வீட்டில் இப்படிக் கையை விட்டு எடுத்ததைச் சிமெண்ட் தரையில் வைத்து ஒரே ஒரு தீக்குச்சி காட்டினேன். பொரிகிற சத்தத்தோடு பத்து விநாடிக்குள் முடிந்துவிட்டது. அதே வேலி எண்பது அடி நீளத்துக்கு, ஜன்னல் மரச்சட்டத்தைத் தொட்டபடி நின்றது.

காரணம் சுலபமானது. வருடா வருடம் வெளிப்பக்கத்தை மட்டும் கத்தரிக்கிறோம். வெளியே இலை அடர அடர உள்ளே வெளிச்சம் போகாது. உள்ளிலை செத்துப்போகும், ஆனால் கீழே விழாமல் கிளையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். சைப்ரஸும் தூஜாவும் பிசினும் வாசனை எண்ணெயும் உள்ள மரங்கள் என்பதால் காய்ந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சைப்ரஸை உள்ளே பழுப்பு வரைக்கும் ஒட்ட வெட்டினால், வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்காது. மொட்டையாகவே நிற்கும். ஆகவே முதல் வேலையாகச் சுவரில் இருந்து 5 அடிக்குள் வருவதை எடுத்துவிடுங்கள். மிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒன்றை அகற்றி இடைவெளி விடுங்கள். நிற்பவற்றின் உள்சருகைக் கையால் உதிர்த்து வாரி எடுங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று நாள் வேலை, அரிக்கும், ஆனாலும் வேறு வழியில்லை. காலியான இடத்தில் செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை வைக்கலாம். ஆடு மேய வரும் இடமாக இருந்தால் ஆடாதொடை. இவை எல்லாம் இலையில் ஈரம் உள்ளவை, கவாத்து செய்தால் அடியில் இருந்து புதிதாகத் துளிர்ப்பவை.

அரளி வைக்கலாமா என்று கேட்பார்கள். பச்சை நிற்கும், அவ்வளவு சீக்கிரம் பற்றாது, உண்மைதான். ஆனால் செடி முழுக்க விஷம், எரிந்தால் புகையும் விஷம். வீட்டருகே வேண்டாம்.

அறிகுறி: பட்டியல் பார்த்துத்தான் மரம் நட்டேன், ஆனாலும் மாசியில் முற்றமெல்லாம் சருகு

வெளிநாட்டுப் பட்டியல்களில் "இலையுதிர் மரம் நல்லது" என்று இருக்கும். அங்கே தீக் காலத்தில் அந்த மரங்கள் பச்சையாக நிற்கும், குளிர் வந்த பிறகு உதிர்க்கும். நம் ஊரில் தலைகீழ். வேம்பு, புங்கன், வாதா, தேக்கு எல்லாம் சருகு கொட்டுவது தையில் இருந்து பங்குனிக்குள். நமக்குத் தீக் காலமும் அதேதான். அந்தப் பட்டியலை இங்கே அப்படியே எடுத்தால் இடிப்பது இந்த இடத்தில்தான்.

தேக்கு விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. "தேக்கங்காடு எரிந்தாலும் மறு மழைக்குத் துளிர்த்துவிடுகிறதே, அப்படியானால் தீயைத் தாங்கும் மரம்தானே?" என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. தேக்கு தான் தப்பித்துக்கொள்ளும். பனையும் அப்படி, தைல மரமும் அப்படி. தடித்த பட்டை, அடியில் ஒளிந்திருக்கும் மொட்டு, இப்படி ஏதாவது ஒன்று அதைக் காப்பாற்றும். ஆனால் முறம் போன்ற அதன் சருகு தரையில் தீயைக் கடத்திக்கொண்டு உங்கள் திண்ணை வரைக்கும் வரும். நமக்கு வேண்டியது வீட்டுக்குத் தீயை வரவிடாத மரம். இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வேப்பமரத்தை வெட்டச் சொல்லவில்லை, தயவுசெய்து வெட்டாதீர்கள். கூரைக்கு மேல் கவியும் கிளையை மட்டும் எடுங்கள். கூரையில் இருந்து பத்தடி தள்ளி நிற்கட்டும். தை முதல் சித்திரை வரை வாரம் இரண்டு முறை கூட்டி வாருங்கள். கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயிலும் மொட்டை மாடி மூலையிலும் கை விட்டு வழியுங்கள். புதிதாக வைப்பதாக இருந்தால் 30 அடி வட்டத்துக்குள் பங்குனியிலும் பச்சை நிற்கும் மரமாகப் பாருங்கள்: சப்போட்டா, மா, நாவல், மகிழம், நார்த்தை, எலுமிச்சை. இவையும் இலை உதிர்க்கும். ஆனால் ஒரேயடியாகக் கொட்டாது, வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக.

காட்டைப் பார்த்த எல்லையில் இடம் இருந்தால் புளி. அதன் அடர்ந்த நிழலில் புல் பூண்டு சரியாக முளைக்காது என்பது நம் தாத்தாக்களுக்கே தெரியும். தரை வெறுமையாகக் கிடப்பதால் காட்டு எல்லையில் தீத்தடுப்பு வரிசையாகவே புளியை நட்டிருக்கிறார்கள். வீட்டை ஒட்டிப் புளி வைக்க நம் ஊரில் யாரும் சம்மதிக்கமாட்டார்கள். வைக்கவும் வேண்டாம், எல்லையில் நின்றால் போதும்.

அறிகுறி: தென்னையில் காய்ந்த மட்டை தொங்குகிறது, மண்டையில் பன்னாடை அடைந்து கிடக்கிறது

இதை நான் கண்ணால் பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த நிலத்தில் ஒருவர் பங்குனி மத்தியானம் வரப்புப் புல்லுக்குத் தீ வைத்தார். சின்னத் தீதான், அவர் பக்கத்திலேயே குச்சியோடு நின்றிருந்தார். ஒரு சுழல்காற்று வந்தது. கருகின புல் ஒரு பிடி மேலே கிளம்பியது. அதில் ஒரு துணுக்கு எங்கள் தென்னையின் மண்டையில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். முதலில் நூல் மாதிரி புகை. அப்புறம் சத்தமே இல்லாமல் பன்னாடை முழுக்கச் சிவந்து, தொங்கிய மட்டை இரண்டும் குப்பென்று பிடித்துக்கொண்டன. நாற்பது அடி உயரத்தில் எரிகிறது, குடத்துத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? எரிந்த மட்டை ஒவ்வொன்றாகக் கழன்று, சரிந்து, மாட்டுக் கொட்டகை ஓலை மேல் விழுந்தது. மாடுகளை அவிழ்த்துவிட மட்டும்தான் நேரம் இருந்தது.

பன்னாடையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சல்லடைத் துணி போல இழை இழையாக, நடுவில் காற்று போக வழியோடு இருக்கும். பொறியைப் பிடித்து ஊதிப் பெருக்க அதைவிடத் தோதான பொருள் கிடையாது. ஆகவே தை மாதமே மரமேறியை வரவழைத்து மட்டை, பாளை, பன்னாடை மூன்றையும் இறக்கிவிடுங்கள். காய் பறிக்கும்போதே சொல்லிவிட்டால் கூலியும் கொஞ்சம்தான் கூடும். இறக்கியதை மரத்தடியிலேயே குவித்து வைப்பது இன்னொரு தப்பு. விறகுக்கு என்றால் வீட்டில் இருந்து 30 அடி தள்ளி அடுக்குங்கள். பனைக்கும் இதேதான், காவோலையைத் தொங்கவிடாதீர்கள். சாய்ந்தால் வீட்டின் மேல் விழும் தூரத்தில் புதிதாகத் தென்னை வைக்க வேண்டாம். கொட்டகைக்கு ஓலைக்குப் பதிலாகத் தகரமோ ஓடோ போட முடிந்தால் போடுங்கள்.

அறிகுறி: புல்தரை வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது

தண்ணீர் இருந்தால் பச்சையாக வையுங்கள். இல்லாவிட்டால் நாலு அங்குலத்துக்கு மேல் வளரவிடாமல் வெட்டி, வெட்டியதை அள்ளிவிடுங்கள். காய்ந்த குட்டைப் புல்லில் தீ ஓடும், ஆனால் கணுக்கால் உயரம்தான் இருக்கும், மிதித்து அணைக்கலாம். இடுப்புயரப் புல்லில் அது நடக்காது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன தீ, காய்ந்த புல் சரிவில்தான் அவ்வளவு வேகமாக ஏறியது.

ஊட்டி, கோத்தகிரிக்காரர்களுக்கு இது இன்னும் முன்னாலேயே தொடங்கும். மார்கழி, தையில் உறைபனி விழுந்தால் புல் ஒரே வாரத்தில் கருகிவிடும். வெயிலே வரவில்லை, குளிராகத்தானே இருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பனியில் கருகிய புல்லும் காய்ந்த புல்தான். பனி முடிந்ததும் வெட்ட வேண்டும்.

அழகுக்கென்று விடுதிகளில் வைக்கிறார்களே, நரிவால் மாதிரி பூக்கும் அலங்காரப் புல், அதை வீட்டருகே வைக்கவே வேண்டாம். கொசு வராது என்று சமையலறை ஜன்னலடியில் எலுமிச்சைப்புல் வைப்பதும் அப்படித்தான். அந்த வாசனையே எண்ணெய். தள்ளி ஒரு மூலைக்கு மாற்றுங்கள். சரிவில் மண்ணைப் பிடிக்க வெட்டிவேர் வைத்திருந்தால் நல்லது, தையில் அரை அடி விட்டு அறுத்துவிடுங்கள். மழைக்கு மறுபடி கிளம்பிவிடும்.

அறிகுறி: வாழையும் கற்றாழையும்தான் வைத்திருக்கிறேன், இதில் என்ன தப்பு?

வாழைத்தண்டை அறுத்தால் தண்ணீர் சொட்டும், சரி. ஆனால் அதன் இடுப்பைச் சுற்றித் தொங்கும் சருகைப் பாருங்கள், காகிதம் மாதிரி சரசரக்கும். சருகை அறுத்து எடுத்த வாழை பச்சைச் சுவர் போல நிற்கும். சருகு தொங்கும் வாழையோ பந்தத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரி. ஆனைக் கற்றாழையிலும் அடி மடல் காய்ந்து பாவாடை போலக் கிடக்கும், அதைக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். சோற்றுக் கற்றாழை, ஜேடு, பத்துமணிப் பூ போன்ற சதைப்பற்றுச் செடிகள் சுவரருகே வைக்க நல்லவை. அவற்றிலும் செத்த இலையை மாதம் ஒரு முறை பொறுக்கினால்தான் அந்த நன்மை நிற்கும்.

அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு வாழையில் இதைவிடப் பெரிய பிரச்சினை யானை. தடாகம், ஆனைகட்டி, மருதமலை, தொண்டாமுத்தூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தீக்குப் பயந்து வாழையும் பலாவும் வைத்து, யானையைச் சமையலறைச் சுவர் வரைக்கும் கூப்பிட்டுவிடக் கூடாது. காட்டு எல்லையில் நார்த்தை, எலுமிச்சை வைக்கலாம். வாழை ஆசையாக இருந்தால் ஊர் நடுவில் இருப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

அறிகுறி: இயற்கை முறைப்படி மூடாக்கு போட்டிருக்கிறேன், அது சுவர் வரைக்கும் வருகிறது

மூடாக்கு, அதாவது மண்ணைச் சருகு, வைக்கோல் கொண்டு மூடிவைப்பது, மண்ணுக்கு நல்லது, நானே போடுகிறேன். ஆனால் சுவரில் இருந்து 5 அடிக்குள் வைக்கோல், சருகு, கரும்புச் சோகை, தேங்காய் மட்டை, நார்க்கழிவு எதுவும் வேண்டாம். நார்க்கழிவு ரொம்பவும் கவனிக்க வேண்டியது. வைக்கோல் என்றால் எரிவது கண்ணுக்குத் தெரியும். நார்க்கழிவு வெளியே சாம்பல் பூத்தபடி உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அணைந்துவிட்டது என்று தூங்கப் போவீர்கள், விடியக்காலைக் காற்றில் மறுபடி எழும். மேலே தண்ணீர் தெளித்தால் போதாது, மண்வெட்டியால் கிளறிக் கிளறி ஊற்ற வேண்டும்.

அந்த 5 அடிக்கு ஜல்லி, கூழாங்கல், கடப்பைக்கல் துண்டு, இல்லை வெறும் செம்மண்ணே போதும். பச்சை வேண்டும் என்றால் பாத்திரம் கழுவும் தண்ணீர் விழும் பக்கம் பொன்னாங்கண்ணி, வல்லாரை போடுங்கள். துளசி மாடம் முற்றத்தில் இருப்பது இருக்கட்டும். தினம் தண்ணீர் வாங்கும் ஒற்றைச் செடியால் ஒரு கெடுதலும் வராது. 5 அடிக்கு அப்பால் மூடாக்கைப் பட்டை பட்டையாகப் போட்டு, நடுநடுவே இரண்டடி வெறும் மண் விடுங்கள். மக்கிய எருவை மூடாக்காகப் போட்டால் இன்னும் நல்லது, மக்காத சருகு அளவுக்குச் சுலபமாக அது பற்றாது.

அறிகுறி: கொடி மரத்தில் ஏறியிருக்கிறது, மரம் கூரையைத் தொடுகிறது

தரையில் புல், புல்லுக்கு மேல் புதர், புதருக்கு மேல் கொடி, கொடிக்கு மேல் மரக்கிளை. தீக்கு நாமே கட்டிக் கொடுத்த ஏணி இது. எங்காவது ஒரு படியை எடுத்துவிட வேண்டும். பெரிய மரங்களில் தரையில் இருந்து ஆறு முதல் பத்தடி வரை உள்ள தாழ்கிளைகளைக் கழியுங்கள். இளம் மரம் என்றால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிக்க வேண்டாம். மரத்தடியில் புதர் வைத்துத்தான் தீர வேண்டும் என்றால், புதரின் உயரத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி கிளைக்கும் புதருக்கும் நடுவே வேண்டும். இரண்டடிச் செடிக்கு ஆறடி. காகிதப்பூவும் முல்லைப் பந்தலும் வருடம் ஒரு கவாத்து இல்லாவிட்டால் உள்ளே விறகுக் கட்டுதான். சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் படரவிடாதீர்கள்.

அறிகுறி: என் இடம் சுத்தம், பக்கத்து நிலத்தில் தைல மரமும் உண்ணிச்செடியும்

தைல மரத்தை, நீலகிரிக்காரர்கள் சொல்வது போலக் கற்பூர மரத்தை, ஆஸ்திரேலியாவில் இருந்து கொண்டுவந்து நட்டது வெள்ளைக்காரர் காலத்தில். அந்தத் தைலத்தின் ஆவி சுமார் 50 டிகிரி செல்சியஸிலேயே நெருப்புக் காட்டினால் பற்றும். பட்டை நீள நீளமாக உரிந்து தொங்கும், எரியும்போது அது காற்றில் வெகுதூரம் போகும். 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதி எரிந்து 25 பேர் இறந்தார்கள். அங்கேயும் இதேபோல ஆஸ்திரேலியாவில் இருந்து போன தைல மரங்கள் தீக்குத் தீனி போட்டன. நீலகிரியில் சீகை (வாட்டில் மரம்), கொடைக்கானலில் பைன், இவற்றின் அடியிலும் சருகு மெத்தை கனமாகவே இருக்கும்.

பக்கத்து நிலத்துக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், எல்லையில் இருபுறமும் சேர்ந்து பத்தடிக்குச் சருகும் உரிந்த பட்டையும் வாரலாம் என்று கேளுங்கள். கூலியைப் பாதிப் பாதி என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், தீ அவருக்கும் பொதுதானே. மரத்தையே வெட்டுவதாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். மலைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஊர்களில் 1955ஆம் ஆண்டு மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பட்டா நிலமானாலும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கோடரியை எடுங்கள்.

உண்ணிச்செடியை மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு இரு மடங்காக வரும். தரைக்குக் கொஞ்சம் கீழே மண்ணைத் தோண்டி, வேரின் தலைப்பாகத்தோடு வெட்டி எடுத்து, வேர் வானத்தைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்துப் போடுங்கள். காய் பழுப்பதற்கு முன்னால் செய்தால் குருவி விதையைப் பரப்பாது. எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் பார்த்தீனியம் வரும். அதனால் அதே மழையில் வேறு ஏதாவது நட்டுவிட வேண்டும்.

அறிகுறி: வீடு சரிவின் மேல் இருக்கிறது

தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே வீட்டுக்குக் கீழ்ப்பக்கம் உங்கள் நூறு அடி போதாது, முடிந்தவரை கூட்டிக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கச் சரிவில் மரங்களின் இடைவெளியும் சமதரையைவிட அதிகம் வேண்டும். குறுக்கே ஒரு கல் கட்டு, ஒரு நடைபாதை, ஒரு வாய்க்கால் எது இருந்தாலும் தீயின் வேகம் அங்கே தடைபடும். ஆனால் எல்லாவற்றையும் சுரண்டி வெறும் மண்ணாக்கிவிடாதீர்கள். ஐப்பசி மழையில் மண்ணோடு வீடும் இறங்கும்.

அறிகுறி: பெயர் தெரியாத செடி, வைக்கலாமா வேண்டாமா?

ஒரு இலையைப் பறியுங்கள். மடக்கினால் ஒடியாமல் வளைகிறதா, கிள்ளினால் நகத்தில் ஈரம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். கசக்கி முகர்ந்தால் காட்டமான தைல வாசனை வரக் கூடாது. தண்டைக் கீறினால் வருவது தண்ணீர் போல இருக்க வேண்டும், பிசுபிசுத்த பிசினாக இருந்தால் தள்ளியே வையுங்கள். கடைசியாகச் செடியின் நடுவே எட்டிப் பாருங்கள், செத்த குச்சி எவ்வளவு இருக்கிறது என்று. இந்தச் சோதனையை ஐப்பசியில் செய்து ஏமாறாதீர்கள். அப்போது எல்லாச் செடியும் தேறிவிடும். பங்குனியில் தேறுவதுதான் கணக்கு.

அறிகுறி: நல்ல செடியாகப் பார்த்து வைத்தேன், முதல் கோடையிலேயே காய்ந்துவிட்டது

எங்கள் பண்ணைக்குத் திரும்பி வரும் புகார்களில் பாதி இதுதான். மாசியில் மலையில் தீயைப் பார்க்கிறார்கள், பயந்து மறுநாளே வண்டி நிறையச் செடி வாங்கிப்போய் நடுகிறார்கள். வேர் ஒரு சாண் கூட இறங்காத நாற்று சித்திரை வெயிலில் என்ன செய்யும்? இலையில் ஈரம் இருந்தால்தான் அது தீயைத் தாமதப்படுத்தும். காய்ந்த செம்பருத்திக்கும் காய்ந்த சவுக்குக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

மாசி, பங்குனியில் அப்புறப்படுத்தும் வேலையை மட்டும் செய்யுங்கள்: சருகு, மட்டை, புதர். வாரியதை அங்கேயே கொளுத்தவும் வேண்டாம், குழியில் போட்டு மண் மூடினால் எருவாகும். நீளமான ரப்பர் குழாய் ஒன்று வீட்டின் நாலு மூலைக்கும் எட்டுகிறதா என்று பார்த்து வையுங்கள். 101 என்ற எண்ணைக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

நடவை மழைக்கு விடுங்கள். இந்தப் பக்கம் ஆனியில் தென்மேற்கு மழை இறங்கும். ஆடியில் இருந்து புரட்டாசிக்குள் நட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையையும் வாங்கிக்கொண்டு தை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். முதல் கோடைக்கு மட்டும் ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் அடியில் துளையிட்ட ஒரு மண்பானையைப் புதைத்து, துளையில் திரி போட்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை நிரப்புங்கள். இப்போதைக்கு இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து ஆறப்போடுங்கள். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள், நடும்போது முதலில் அதைத்தான் உள்ளே தள்ள வேண்டும்.